மரங்கள் வந்தன; காடு வந்ததா?

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலையை நோக்கிச் செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் சேத்துமடை என்னும் ஊர் இருக்கிறது. அங்கிருந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறினால், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 740 மீட்டர் உயரத்தில் ஓர் இடத்தை அடையலாம். அதன் பெயர் டாப் ஸ்லிப்.

தமிழ்நாட்டு மலை ஒன்றுக்கு இப்படியொரு ஆங்கிலப் பெயர் எப்படி வந்தது? வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் காட்டில் வெட்டிய பெரிய மரங்களை இந்த உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிடுவார்கள். அவை வழுக்கிக்கொண்டு கீழே சமவெளிக்கு வந்து சேரும். வழுக்கிவிடும் உச்சி என்பதே அந்தப் பெயரின் பொருள். மரம் சரிவது நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டன. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இன்று அங்கே சென்றால் எங்கு பார்த்தாலும் மரங்கள்தாம். அப்படியானால் வெட்டிய காடு திரும்பி வந்துவிட்டதா? இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற முடியாது. விடை காண வேண்டுமானால், மரம் ஏன் வெட்டப்பட்டது, எப்படி வெட்டப்பட்டது, பின்பு எப்படி நடப்பட்டது என்பதையெல்லாம் வரிசையாகப் பார்க்க வேண்டும். இக்கதையில் தாவரவியலோடு நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலும் நிறையவே கலந்திருக்கிறது.

தேக்குக்கு ஏன் இத்தனை கிராக்கி?

இரும்புக் கப்பல்கள் வருவதற்கு முன் கடலை ஆண்டவை மரக்கப்பல்கள். இங்கிலாந்தில் கப்பல் கட்டுவதற்கு ஓக் மரத்தைப் பயன்படுத்தினார்கள். நீண்ட போர்களால் அங்கே நல்ல ஓக் மரங்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. மேலும் ஓக்கில் உள்ள அமிலம், அதில் அடித்த இரும்பு ஆணிகளை அரித்துவிடும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அது ஆணியை அரிப்பதில்லை. கறையானும் அதை எளிதில் தொடுவதில்லை. வெயிலிலும் நீரிலும் கிடந்தாலும் அது அவ்வளவாக முறுக்கிக்கொள்வதும் இல்லை.

இதற்கு ஒரு சான்று இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய ‘டிரிங்கோமாலி’ என்ற போர்க்கப்பலை 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்தினர் மலபார்த் தேக்கைக் கொண்டு கட்டினர். இருநூறு ஆண்டுகளைத் தாண்டிய அக்கப்பல், இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் அருங்காட்சியகமாகப் பாதுகாக்கப்படுகிறது.

இத்தகைய மரத்தை யார்தான் விடுவார்கள்? மேற்குக் கடற்கரையை ஒட்டிய காடுகளில் நல்ல தேக்கு குறையக் குறைய, கோடரி மலைகளின் உட்பகுதியை நோக்கி நகர்ந்தது. பம்பாய்க் கப்பல் தளத்துக்கு மரம் அனுப்புவதற்காக 1848-இல் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரி ஆனைமலைக்கு அனுப்பப்பட்டார்.

கப்பலுக்கு அடுத்தபடியாக ரயில் வந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் சென்னை ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1862-க்குள் இருப்புப்பாதை கோழிக்கோட்டை அடுத்த பேப்பூர் வரை சென்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடத்தும் ஸ்லீப்பர் கட்டைகளை அக்காலத்தில் மரத்தால்தான் செய்தார்கள். ஒரு கெஜத்துக்கு ஒரு கட்டை என்று வைத்துக்கொண்டால் ஒரு மைலுக்கு 1,760 கட்டைகள் வேண்டும். சென்னையிலிருந்து பேப்பூர் வரை சுமார் 400 மைல். பெருக்கிப் பாருங்கள். ஏழு லட்சத்தைத் தாண்டிவிடும்! அத்தனையும் தேக்கு அன்று. அத்தனையும் ஆனைமலையிலிருந்து வந்தவையும் அல்ல. ஆயினும் மழையிலும் வெயிலிலும் கிடக்கும் கட்டை சில ஆண்டுகளில் உளுத்துப்போகும். உடனே அதை மாற்ற வேண்டும். ஆகவே இந்தத் தேவை ஒருமுறையோடு முடிவதன்று.

மூழ்கும் மரத்தை மிதக்க வைத்தது எப்படி?

காட்டில் மரத்தை வெட்டுவது எளிது. வெட்டிய மரத்தை வெளியே கொண்டுவருவதுதான் கடினம். சாலையோ லாரியோ இல்லாத காலத்தில் ஆறுதான் சாலை. ஆனைமலையில் பிறக்கும் ஆழியாற்றின் நீர், பாரதப்புழையோடு சேர்ந்து பொன்னானியில் அரபிக்கடலைத் தொடுகிறது. மரத்தை ஆற்றில் தள்ளிவிட்டால் நீரோட்டமே அதைக் கடற்கரையில் சேர்த்துவிடும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். உயிருள்ள தேக்கு மரத்தின் உடலில் நீர் நிறைந்திருக்கும். வெட்டிய உடனே அதை ஆற்றில் போட்டால் மூழ்கிவிடும். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு பொருளின் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடக் குறைவாக இருந்தால்தான் அது மிதக்கும். ஒரு கன மீட்டர் நீரின் நிறை 1,000 கிலோகிராம். ஒரு கன மீட்டர் பச்சைத் தேக்கு அதற்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ இருக்கும். நன்கு உலர்ந்த தேக்கோ ஏறத்தாழ 650 கிலோகிராம்தான்.

எனவே மரவெட்டிகள் ஓர் உத்தியைக் கையாண்டனர். மரத்தை உடனே வீழ்த்தாமல், அதன் அடிப்பகுதியைச் சுற்றிலும் பட்டையையும் அதற்கு உட்புறமுள்ள வெளிக்கட்டையையும் வளையமாக வெட்டி எடுத்துவிடுவார்கள். வேரிலிருந்து நீர் மேலே செல்லும் வழி அடைபட்டுவிடும். மரம் நின்ற நிலையிலேயே செத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் காற்றிலும் வெயிலிலும் உலரும். அதன் பிறகே அதை வெட்டுவார்கள். உலர்ந்த மரம் ஆற்றில் ஆனந்தமாக மிதந்து செல்லும். பர்மாவிலும் மலபாரிலும் இம்முறை நெடுநாள் வழக்கத்தில் இருந்தது.

சாய்தளத்தில் ஒரு கணக்கு

இனி டாப் ஸ்லிப்புக்கு வருவோம். உச்சியிலிருந்து மரத்தை உருட்டிவிட்டால் அது ஏன் வழுக்குகிறது?

சாய்தளத்தின் மீது உள்ள பொருளைப் புவியீர்ப்பு விசை கீழே இழுக்கிறது. உராய்வு விசை அதைத் தடுக்கிறது. சாய்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு உராய்வுக் குணகத்தைவிட அதிகமானால் பொருள் தானாகவே சரியத் தொடங்கும். மரத்துக்கும் மண்ணுக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.5 என்று கொண்டால், சுமார் 27 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் மரம் தானாகவே இறங்கும். மழையில் மண் வழவழப்பானால் அதைவிடக் குறைந்த சரிவே போதும்.

650 கிலோகிராம் நிறையுள்ள மரம் ஒன்று 400 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அது இழக்கும் நிலையாற்றல் எவ்வளவு? நிறையையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்க வேண்டும். 650 × 9.8 × 400 = 25,48,000 ஜூல். உராய்வே இல்லாவிட்டால் அடிவாரத்தை அடையும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 88 மீட்டர், அதாவது மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கும்! அந்த வேகத்தில் வரும் மரம் சுக்குநூறாகிவிடும். நல்லவேளையாக, பெரும்பகுதி ஆற்றலை உராய்வு விழுங்கிவிடுகிறது. விழுங்கிய ஆற்றல் எங்கே போகிறது? ஒரு பகுதி வெப்பமாகிறது. மீதி, வழியிலுள்ள செடிகளை முறிக்கவும் மேல்மண்ணைப் பிளக்கவும் செலவாகிறது. அதாவது, மரம் சரிந்த பாதையெல்லாம் மலையின் உடம்பில் விழுந்த கீறல்.

இதே தத்துவத்தை இன்னும் நயமாகக் கையாண்ட ஏற்பாடு ஒன்று அருகிலேயே இருந்தது. பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடி வரை, சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்குக் கொச்சி சமஸ்தானம் ஒரு டிராம் பாதை அமைத்தது. அது 1907-இல் தொடங்கி 1963-இல் மூடப்பட்டது. செங்குத்தான சரிவுகளில் அதற்கு எஞ்சின் தேவைப்படவில்லை. இரண்டு வாளிகள் கட்டிய கிணற்று ராட்டினத்தில் ஒன்று இறங்க மற்றொன்று ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே மரம் ஏற்றிய வண்டி கீழே இறங்கும்போது, கம்பி வடத்தின் மறுமுனையில் கட்டிய காலி வண்டி மேலே ஏறிவிடும். இறங்கும் மரமே கூலியில்லாமல் அந்த வேலையைச் செய்தது.

இயற்பியல் சொல்லும் பாடம் இதில் தெளிவாக இருக்கிறது. மலை மேலிருந்து மரத்தை இறக்கப் புவியீர்ப்பு உதவும். மரத்தைத் திரும்ப மலை மேல் கொண்டுவர எந்த விசையும் உதவாது. விதையும் காலமும் மட்டுமே உதவும்.

வட்டியை மட்டும் செலவு செய்

வெட்டும் வேகத்தைக் கண்டு கவலைப்பட்டவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். சென்னையில் மருத்துவராகவும் தாவரவியல் பேராசிரியராகவும் இருந்த ஹியூ கிளெக்ஹார்ன், 1856-இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். அவர் 1858-இல் ஆனைமலைக்கு வந்து காடுகளைப் பார்வையிட்டார். எவ்விதக் கணக்கும் இன்றி மரம் வெட்டினால் காடு தீர்ந்துபோகும் என்பதை அவர் வலியுறுத்தினார்.

வெட்டினால் நட வேண்டும் என்ற எண்ணம் அதற்கு முன்பே மலபாரில் செயலுக்கு வந்திருந்தது. அம்மாவட்டக் கலெக்டர் கனோலி, 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட முயன்றார். தேக்கு விதை எளிதில் முளைக்காது. அதன் கொட்டை மிகவும் கடினமானது. பல வகையில் முயன்றும் தொடக்கத்தில் தோல்விதான் கிடைத்தது. பின்னர் சாத்து மேனன் என்ற வன அதிகாரி முளைக்க வைக்கும் வழியைக் கண்டு, நூற்றுக்கணக்கான ஏக்கரில் தேக்கை வளர்த்துக் காட்டினார். 1846-இல் நட்ட மரங்களின் ஒரு பகுதி ‘கனோலி தோட்டம்’ என்ற பெயரில் இன்றும் நிலம்பூரில் நிற்கிறது.

இதன் அடிப்படைக் கருத்தை வங்கிக் கணக்காக நினைத்துப் பாருங்கள். காடு என்பது முதல். ஆண்டுதோறும் மரங்கள் வளர்வது வட்டி. வட்டியை மட்டும் எடுத்துச் செலவு செய்தால் முதல் குறையாது. தேக்கு முதிர 60 ஆண்டுகள் ஆகும் என்றால், தோட்டத்தை 60 பங்காகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பங்கை மட்டும் வெட்டி, அங்கே உடனே நட வேண்டும். 61-ஆம் ஆண்டில் முதல் பங்கு மறுபடியும் வெட்டத் தயாராக இருக்கும். கணக்கு அழகானதுதான்.

ஆனைமலையில் இவ்வேலையைச் செய்தவர் ஹியூகோ உட் என்ற வன அதிகாரி. 1910-களிலும் 1920-களிலும் அவர் இங்கே பணியாற்றினார். வெட்டிய அடிமரம் மறுபடி தளிர்க்கும்படி விட்டு வளர்க்கும் முறையைப் புகுத்தினார். வெறுமையான சரிவுகளில் தேக்கை வளர்த்தார். நடந்து செல்லும்போதெல்லாம் கைத்தடியால் மண்ணில் குழி போட்டு, பையிலிருந்து தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே போவார் என்று இப்பகுதியில் இன்றும் சொல்லுவார்கள். 1933-இல் குன்னூரில் காலமான அவர், தம் விருப்பப்படியே டாப் ஸ்லிப்பை அடுத்த மவுண்ட் ஸ்டூவர்ட்டில், தேக்கு மரங்களுக்கு நடுவே அடக்கம் செய்யப்பட்டார். என் நினைவுச் சின்னத்தைத் தேடுவோர் சுற்றிலும் பார்க்கட்டும் என்ற கருத்தில் லத்தீன் வாசகம் ஒன்று அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

தோப்பும் காடும் ஒன்றா?

உட் வளர்த்த மரங்கள் உண்மை. அவருடைய உழைப்பும் உண்மை. ஆனால் வட்டிக் கணக்கில் ஒன்று விடுபட்டுப்போயிற்று. காட்டின் முதல் என்று அது எண்ணியது மரக்கட்டையை மட்டுமே.

தேக்கு இம்மலைக்கு அந்நியமன்று. இங்குள்ள இலையுதிர் காடுகளில் அது இயற்கையாகவே வளர்கிறது. பரம்பிக்குளத்தில் உள்ள கன்னிமரத் தேக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது எனக் கணிக்கப்படுகிறது. அதன் சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர். ஆனால் இயற்கைக் காட்டில் தேக்கு தனியாக நிற்பதில்லை. வேங்கை, ஈட்டி, மருது, வெண்தேக்கு, மூங்கில் என்று பலவற்றோடு கலந்து நிற்கும். அவற்றுக்கு அடியில் சிறு மரங்கள், அதற்கும் கீழே புதர்கள், தரையில் புல்லும் சருகும். தோட்டத்திலோ ஒரே இனம், ஒரே வயது, ஒரே உயரம்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். ஒரு மழைத்துளியின் கதையைக் கொண்டே இதை விளக்கலாம்.

சாதாரண மழைத்துளியின் விட்டம் 2 மில்லிமீட்டர் என்று கொள்வோம். காற்றின் தடையால் அது ஓர் அளவுக்கு மேல் வேகம் பெற முடியாது. அந்த எல்லை வேகத்தை முற்றுத் திசைவேகம் என்கிறோம். 2 மில்லிமீட்டர் துளிக்கு அது நொடிக்குச் சுமார் 6.5 மீட்டர். இத்துளிகள் தேக்கு இலையில் விழுகின்றன. தேக்கு இலை முறம்போல் அகன்றது. அதில் விழும் பல துளிகள் ஒன்றாகத் திரண்டு, நுனியிலிருந்து பெருந்துளியாகச் சொட்டும். அதன் விட்டம் 5 மில்லிமீட்டர் என்றால், 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர்.

இரண்டு துளிகளின் இயக்க ஆற்றலை ஒப்பிடுவோம். நிறை, விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. எனவே பெருந்துளியின் நிறை சிறுதுளியின் நிறையைப்போல் 15 மடங்குக்கு மேல். வேகத்தின் இருமடியை ஒப்பிட்டால் அதுவும் கிட்டத்தட்ட 2 மடங்கு. ஆக, பெருந்துளி ஒன்று தரையைத் தாக்கும் ஆற்றல் சிறுதுளியைப்போல் சுமார் 30 மடங்கு! பெய்த மழையின் மொத்த அளவு மாறவில்லைதான். இருந்தாலும் அதே அளவு நீர், வெட்டவெளியில் விழுவதைவிட ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றலோடு மண்ணைக் குத்துகிறது. மண் துகள்கள் சிதறுகின்றன. ஓடும் நீர் அவற்றை அள்ளிக்கொண்டு போகிறது. கலப்பில்லாத தேக்குத் தோட்டங்களில் தரை வெறுமையாக இருந்தால் மண்ணரிப்பு மிகுவதற்கு இது ஒரு காரணம்.

இயற்கைக் காட்டிலும் பெருந்துளிகள் சொட்டும். ஆனால் உயர்ந்த மரத்திலிருந்து சொட்டும் துளியை நடுமரம் பிடிக்கிறது. அதிலிருந்து விழுவதைப் புதர் பிடிக்கிறது. கடைசியில் சருகு மெத்தை தாங்கிக்கொள்கிறது. ஒரு மீட்டர் உயரப் புதரிலிருந்து விழும் துளிக்கு வேகம் எடுக்க நேரமே இல்லை. மாடியிலிருந்து குதிப்பதற்கும் படிப்படியாக இறங்கி வருவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. படிகள் உள்ள வீடு காடு. படிகள் இல்லாத வீடு தோப்பு.

ஆனைமலை நீர் ஆழியாறு, பரம்பிக்குளம் முதலிய அணைகளில் தேங்கி, கோவை, திருப்பூர் மாவட்டங்களின் வயல்களுக்குப் பாய்கிறது. மலையில் பெயர்ந்த மண், ஆற்றோடு வந்து அணையில்தான் படியும். எனவே மலை மேல் ஒரு துளி எப்படி விழுகிறது என்பது சமவெளி உழவருக்கும் உரிய கவலையே.

தேக்கு கோடையில் இலையுதிர்க்கும். உலர்ந்த சருகில் தீ எளிதில் பரவும். யானைக்கும் குரங்குக்கும் பறவைக்கும் ஆண்டு முழுவதும் உணவளிக்க ஒரே ஓர் இன மரத்தால் இயலாது. ஒன்று காய்க்காத மாதத்தில் வேறொன்று காய்க்க வேண்டும். அதற்குப் பல இனங்கள் வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தோட்டங்களையும் இயற்கைக் காடுகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2020-இல் வெளியாயிற்று. ஒரே இனமோ சில இனங்களோ உள்ள தோட்டங்கள், பசுமை மாறாக் காடுகளைவிட 30 முதல் 50 சதவீதம் குறைவான கார்பனையே சேமித்திருந்தன. ஈரப்பதமுள்ள இலையுதிர் காடுகளோடு ஒப்பிட்டால் சேமிப்பில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் வறட்சிக் காலத்தில் கார்பனை உள்ளிழுக்கும் திறன் இயற்கைக் காடுகளில்தான் நிலையாக இருந்தது. பல இனங்கள் இருந்தால் ஒன்று வாடும்போது மற்றொன்று தாங்கும். கூட்டுக் குடும்பத்தின் வலிமை போன்றது இது.

வால்பாறையில் நடக்கும் வேலை

டாப் ஸ்லிப்பிலிருந்து மேலும் உயரத்தில், அதே ஆனைமலையில் இருப்பது வால்பாறை மேட்டுநிலம். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் இடங்கள் அங்கே உண்டு. அங்கிருந்தது பசுமை மாறா மழைக்காடு. 1890-களிலிருந்து காப்பிக்காகவும் தேயிலைக்காகவும் அக்காடு பெருமளவு அழிக்கப்பட்டது. தேயிலைக் கடலுக்கு நடுவே சிறு தீவுகளைப்போல் சில காட்டுத் துண்டுகள் மட்டும் எஞ்சின. அத்துண்டுகளிலும் விறகுக்காக மரம் வெட்டப்பட்டு, உண்ணிச்செடி முதலிய களைகள் புகுந்துவிட்டன. சிங்கவால் குரங்கும் இருவாச்சிப் பறவையும் அத்துண்டுகளை நம்பித்தான் வாழ்கின்றன.

2000-ஆம் ஆண்டு வாக்கில் மைசூரைச் சேர்ந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் திவ்யா முடப்பா, டி.ஆர். சங்கர் ராமன் முதலியோர், தேயிலை எஸ்டேட்டுகளின் ஒத்துழைப்போடு இத்துண்டுகளைச் சீர்செய்யும் பணியைத் தொடங்கினர்.

அவர்கள் செய்த முதல் வேலை நடுவதன்று, பார்ப்பது. கெடாத காட்டில் என்னென்ன மரங்கள் எந்த அளவில் இருக்கின்றன என்று கணக்கெடுத்தனர். பிறகு சாலையோரங்களில் விழுந்து வீணாகும் காட்டு விதைகளைப் பொறுக்கி நாற்றங்காலில் முளைக்க வைத்தனர். வெடிப்பலா, கருங்குங்கிலியம், நாங்கு, அயனிப்பலா, காட்டு ஜாதிக்காய் என்று நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் இனங்கள் அங்கே வளர்க்கப்பட்டன. களையை அகற்றும்போது, அதனடியில் தானாக முளைத்திருக்கும் காட்டுக் கன்றுகளைக் கவனமாக விட்டுவைத்தனர். பருவமழை தொடங்கியதும் பல இனக் கன்றுகளைக் கலந்து நட்டனர். அடுத்த சில ஆண்டுகள் களை மறுபடி மூடாதபடி காத்தனர்.

பலன் என்ன? நட்டு 7 முதல் 15 ஆண்டுகள் ஆன இடங்களை அளந்து, 2019-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒன்றும் செய்யாமல் விட்ட இடங்களைவிட, நட்டுக் காத்த இடங்களில் மர இனங்களும் நிழலும் சேமித்த கார்பனும் அதிகமாக இருந்தன. ஆனால் பழைய காட்டின் நிலையை அவை இன்னும் எட்டவில்லை. இதில் வியப்பில்லை. நூறாண்டு மரத்தைப் பதினைந்து ஆண்டில் உருவாக்க முடியுமா?

இருவாச்சி வெகுதூரம் பறந்து பழம் தின்று, கொட்டையை வேறிடத்தில் போடும். மனிதன் நட்ட மரங்களில் அது வந்து அமர்ந்து, மனிதன் நடாத விதையைப் போட்டால், அன்று முதல் காடு தன் வேலையைத் தானே தொடங்கிவிட்டது என்று பொருள். காடு மீட்பின் இலக்கு அதுதான்.

இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். எல்லா இடத்திலும் மரம் நடுவது காடு மீட்பு ஆகாது. ஆனைமலையின் உச்சிகளில் இயற்கையான புல்வெளிகள் உள்ளன. மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்கு மெல்ல விடுபவை அவை. நீலகிரியில் இத்தகைய புல்வெளிகளை வெற்றிடம் என்று கருதி, சீகை எனப்படும் வாட்டில் மரங்களையும் யூகலிப்டஸையும் பெருமளவில் நட்டார்கள். அவற்றை அகற்றிப் புல்லை மீட்கும் வேலை இப்போது நடக்கிறது. ஓரிடத்தில் முன்பு என்ன இருந்தது என்பதை அறிந்த பிறகே அங்கே மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

யாருடைய காடு?

இத்தனை கதையிலும் பின்னணியில் நிற்பவர்கள் மலைவாழ் மக்கள். காடர், மலசர், முதுவர், புலையர், எரவாளர் முதலிய பழங்குடியினர், கோடரியும் டிராம் வண்டியும் வருவதற்கு முன்பிருந்தே இம்மலைகளில் வாழ்கிறார்கள். எந்த மரம் எப்போது பழுக்கும், எந்தப் பொந்தில் இருவாச்சி கூடு கட்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். மரம் வெட்டிய காலத்தில் அவர்களுடைய உழைப்பு பயன்படுத்தப்பட்டது. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் போன்ற சட்டங்கள் காட்டை அரசின் உடைமையாக்கியபோது, அவர்களுடைய பழைய உரிமைகள் சுருங்கின. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அந்த அநீதியைச் சட்டத்திலேயே ஒப்புக்கொண்டது. காட்டை மீட்பவர்கள் அவர்களுடைய அறிவையும் உரிமையையும் ஒதுக்கிவிட்டு வெற்றி பெற முடியாது.

அரசின் நோக்கும் மாறியிருக்கிறது. 1976-இல் ஆனைமலை வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 2007-இல் புலிகள் காப்பகமாயிற்று. 1988-ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை, காட்டின் முதல் பயன் வருவாய் அன்று, இயற்கைச் சமநிலையே என்று அறிவித்தது. ஒரு காலத்தில் மரம் இழுத்த யானைகளின் வழிவந்தவை, டாப் ஸ்லிப் அருகே கோழிகமுத்தி முகாமில் இன்று வேறு பணிகளைச் செய்கின்றன.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறலாம். டாப் ஸ்லிப்பில் மரங்கள் வந்துவிட்டன. காடு வந்துகொண்டிருக்கிறது. தோட்டத்தின் நடுவே மூங்கிலும் வேங்கையும் தாமாகப் புகுந்து, படிகள் ஒவ்வொன்றாக அமையும் இடமெல்லாம் அது வருகிறது. அதற்குத் தேவை இடையூறு செய்யாத காலம். வேண்டிய இடத்தில் கொஞ்சம் கைகொடுத்தல்.

செய்து பாருங்கள்

மழைக்காலத்தில் பள்ளித் தோட்டத்தில் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று வெட்டவெளி, ஒன்று அகன்ற இலை மரத்தின் அடியில், சருகு கூட்டிய வெறுந்தரை, ஒன்று அதே மரத்தின் அடியில், சருகு மூடிய தரை. முதல் இரண்டு இடங்களிலும் மண்ணைக் கிளறிச் சமமாக்கி, அதன்மேல் பத்து நாணயங்களை இடைவெளி விட்டு வையுங்கள். மூன்றாம் இடத்தில் சருகை மெல்ல விலக்கி, மண்ணை அதேபோல் கிளறி, நாணயங்களை வைத்துச் சருகைத் திரும்ப மூடிவிடுங்கள்.

நல்ல மழை ஒன்று பெய்த பிறகு சென்று பாருங்கள். நாணயத்துக்கு அடியிலுள்ள மண் குட்டித் தூணாக நிற்கும். சுற்றியுள்ள மண் சிதறிப் போயிருக்கும். தூணின் உயரத்தை அளவுகோலால் அளந்து, மூன்று இடங்களுக்கும் சராசரி கண்டு, அட்டவணையாக எழுதுங்கள். எங்கே தூண் உயரம்? எங்கே தூணே இல்லை? ஆனைமலைச் சரிவில் ஒவ்வொரு மழையிலும் நடப்பது என்னவென்று அந்த மூன்று எண்களும் உங்களுக்குச் சொல்லும்.